பெட்டியைக் கட்டும் முன்

(கல்விப் பயணமாக மலேசியா செல்லவிருக்கும் நமது மஹல்லா மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும், இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை இங்கு எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

நமது மஹல்லாவைச் சேர்ந்த பதினொரு பிள்ளைகள், ஏழு மாணவர்களும் நான்கு மாணவிகளும், தாம் பயிலும் கல்லூரியின் ஏற்பாட்டில் கோலாலம்பூரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு வாரம் தங்கிப் பயிலச் செல்கிறார்கள். ஆசிரியர்கள் உடன் செல்கிறார்கள். மாணவியருக்குப் பெண் பேராசிரியை ஒருவர் பொறுப்பேற்றுள்ளார். மாணவியரின் பயணம் குறித்து மார்க்க ரீதியாக எழுந்த வினாக்களுக்கு அந்தந்தக் குடும்பத்தாரிடம் நேரில் விளக்கம் கூறியிருக்கிறோம். ஆகவே அதை இந்த மேடையில் மீண்டும் எடுக்கவில்லை. போவது என்று முடிவாகிவிட்ட பிள்ளைகள் எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

நமக்குச் சபர் புதிதன்று. கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் சபுராளி என்று தனிப்பெயர் இட்டு அழைத்த சமுதாயம் நம்முடையது. பினாங்கில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது; அங்கே நாகூர் தர்காவின் பெயரால் ஒரு தர்கா இருக்கிறது; 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. இவையெல்லாம் இந்தக் கரையிலிருந்து போனவர்கள் நிறுவியவை. ரஜூலா கப்பலிலும் பின்னர் சிதம்பரம் கப்பலிலும் நாகப்பட்டினத்தில் ஏறிய பெரியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. 1985இல் சிதம்பரம் கப்பலில் தீ விபத்து ஏற்பட்டதோடு அந்தக் கடல்வழிப் பயணம் முடிந்துபோயிற்று. இன்று திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

அன்று போனவர் கடையில் நிற்கப் போனார். இந்தப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். போகிற நோக்கம் மாறிவிட்டது. ஆனால் வழியனுப்பும் நம் வழக்கம் மாறவில்லை. பிள்ளை வெளிநாடு போகிறான் என்ற செய்தி தெருவில் பரவியதும் பெட்டி கட்டும் வேலையை உம்மா எடுத்துக்கொள்கிறார். அதில் என்னென்ன வைப்பது என்பதைப் பெரியம்மாவும் சாச்சியும் முடிவு செய்கிறார்கள். கடைசி இரவில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் பொட்டலத்தோடு வருகிறார். 'கோலாலம்பூரில் நம்ம பையன் வந்து வாங்கிக்குவான், ஒரு மூலையிலே வச்சிரு' என்கிறார். விமானத்தில் ஏறும்போது அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முழுமையாக அறியாத ஒரே ஆள், அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரனான மாணவன்தான்.

இதைச் சிரித்துவிட்டுக் கடக்கக் கூடாது என்பதால்தான் முதலில் எடுத்துக்கொண்டோம். மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப் பொருள் சட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டப்படி ஒருவருடைய பொறுப்பில் இருக்கும் பொருளுக்குள் போதைப் பொருள் காணப்பட்டால், அது அவர் வசம் இருந்ததாகவும், அது இன்னதென்று அவர் அறிந்திருந்ததாகவும் நீதிமன்றம் ஊகம் கொள்ளும். தமக்குத் தெரியாது என்பதை நிறுவ வேண்டிய சுமை பெட்டிக்காரர் தலையில் விழுகிறது. கஞ்சா 200 கிராமும் ஹெராயின் 15 கிராமும் இருந்தாலே கடத்தல் என்ற ஊகம் எழுகிறது. பதினைந்து கிராம் எவ்வளவு தெரியுமா? நம் வீட்டுத் தேக்கரண்டியில் மூன்று நான்கு கரண்டி. கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயம் என்றிருந்த நிலை 2023இல் மாற்றப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது நீண்ட காலச் சிறையும் ஆண்களுக்குப் பிரம்படியும் விதிக்கலாம். இருபது வயதுப் பிள்ளைக்கு நீண்ட காலச் சிறை என்றால் என்ன பொருள் என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் தருகிறவர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று கூறவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் உண்மையாகவே ஊறுகாயும் மாசியும் மருதாணிப் பொடியும்தான் தருகிறார்கள். அவர்களுக்கே அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்பது சில வேளை அவர்களுக்கும் தெரியாது. 'மாட்டேன்' என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். மூத்தவர் முகம் வாடுமே என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூச்சத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டோம். குழுவும் இசைந்தது. இந்தப் பயணத்தில் எந்த மாணவரிடமும் எவரும் பொருள் கொடுத்தனுப்பக் கூடாது என்பது இனி ஜமாஅத்தின் தீர்மானம். யாரேனும் கேட்டால், 'பள்ளிவாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்' என்று எங்கள் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். வருத்தம் எங்கள் மேல் இருக்கட்டும். சொந்த மாமா கேட்டாலும் இதுவே பதில்.

சமையல் பொருள்களைப் பற்றி ஒரு சொல். கசகசா நம் பிரியாணிக்கும் குருமாவுக்கும் உரிய பொருள். நாம் அதைப் போதை என்று நினைத்ததில்லை. ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். உங்கள் பயணச்சீட்டு சிங்கப்பூர் வழியாக மாறிச் செல்வதாக இருந்தால், வீட்டில் இடித்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று உம்மாவிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, மசாலாவே கொண்டுபோகாமல் இருப்பது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கிடைக்காத நம் ஊர்ச் சரக்கு எதுவுமில்லை. இறைச்சிப் பொருள்கள், விதைகள், செடிகள் ஆகியவற்றை அனுமதியின்றி அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லவும் இயலாது. வட்டலப்பத்தை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும்போது வேறொரு சோதனை உண்டு. 'இந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கிட்டுப் போ, திருச்சியில் இறங்கினதும் நம்ம ஆளு வாங்கிக்குவாரு' என்று அங்குள்ள ஒருவர் அன்போடு சொல்வார். விமானச் சீட்டுச் செலவைக்கூடத் தருவதாகச் சொல்வார். இதற்குக் குருவி வேலை என்று பெயர்; இந்த அவையில் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்குத்தான் நம் சுங்கத்துறை நகையில் வரிச் சலுகை தருகிறது. ஆறு வாரம் இருந்துவிட்டு வரும் மாணவருக்கு அது இல்லை. நகை பறிபோவதோடு முடியாது. வழக்கு வரும், கடவுச்சீட்டு முடங்கும். படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த வழக்கு வந்து முன்னால் நிற்கும். பெண் பிள்ளைகள் இங்கிருந்து புறப்படும்போதே நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது எல்லா வகையிலும் நிம்மதி.

அடுத்தது தாள்கள். கடவுச்சீட்டு நாட்டினுள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு அளித்தது என்பதைக் கேள்விப்பட்டுச் சிலர், 'பிறகு எதற்கு இத்தனை விண்ணப்பம்' என்று கேட்டார்கள். அந்த விலக்கு 30 நாளுக்குள் பார்த்துவிட்டுத் திரும்பும் வருகைக்கானது. ஆறு வாரம் தங்கிப் பயில்வோருக்கு மாணவர் அனுமதி வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் வழியாகவே பெற வேண்டும். அதுபோக, 2024 ஜனவரி முதல் வருகை அட்டையைக் கணினி வழியாகவே நிரப்ப வேண்டியுள்ளது. அங்கு சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்; கட்டணம் ஏதுமில்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை கல்லூரி அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தந்தைமார்களிடம் சற்று மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. 'போனது போனோம், அப்படியே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடட்டுமே' என்ற எண்ணம் இரண்டொரு வீட்டில் இருப்பதாகக் காதுக்கு வந்தது. மகனை வைத்துக் கடனை அடைக்க நினைக்கும் ஏழைத் தகப்பனின் நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் இந்த அனுமதி வேலைக்கானதன்று. அனுமதிக் காலம் கடந்து தங்குவது அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் வெளியேற்றமும் உண்டு. மீண்டும் நுழையத் தடையும் விழும். அது மட்டுமன்று. ஒரு மாணவர் தங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அனைவர் மீதும் சந்தேகக் கண் விழும். வறுமையைத் தீர்க்க ஜமாஅத்தின் பைத்துல்மால் இருக்கிறது; வந்து கேளுங்கள். இந்தப் பிள்ளைகளைப் படிக்க விட்டுவிடுங்கள்.

வானிலையைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. வெயில் நமக்குப் பழக்கம். ஆனால் அங்குள்ள வெயில் வேறு மாதிரி. நம் ஊரில் கோடை என்றும் மழைக்காலம் என்றும் பிரித்து வாழ்கிறோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 920 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூரில் ஏறத்தாழ 2,500. ஆண்டு முழுவதும் பெய்கிறது. காலையில் வெயில் காய்ந்து பிற்பகலில் இடியோடு கொட்டும். வெப்பம் பெரும்பாலும் 33 பாகையைத் தாண்டாது. ஆயினும் காற்றிலுள்ள ஈரத்தால் வியர்வை உலராது. ஆகவே தடித்த ஜீன்ஸ் நான்கு எடுத்துப்போவதைவிட மெல்லிய பருத்தி உடை, குடை, சீக்கிரம் காயும் செருப்பு, வியர்க்குரு மருந்து ஆகியவை பயன்படும். ஈர உடையோடு நாள் முழுக்க இருந்தால் படை வரும். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையிலுள்ள கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் வெள்ளம் வருவது வழக்கம். சில ஆண்டுகளில், 2015இலும் 2019இலும் நிகழ்ந்ததுபோல், இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகை அங்கே வந்து சூழ்வதுண்டு. இளைப்பு உள்ள பிள்ளைகள் உறிஞ்சு மருந்தைக் கையில் வைத்திருக்கட்டும். மாணவர்கள் கைலியைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம். மலாய்க்காரர்களும் கட்டுகிறார்கள், அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காயின் பெலிகாட்'. பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான்.

உடல்நலத்தில் ஒன்றை மட்டும் விரிவாகக் கூற விரும்புகிறோம். அது டெங்கு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 1,30,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். நம் ஊரிலும் உண்டு என்பதால் அலட்சியம் வரும். அந்த அலட்சியத்திற்குத்தான் அஞ்சுகிறோம். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒருமுறை ஒரு வகை வந்து குணமானவருக்கு அந்த வகைக்கு எதிராக நீடித்த பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் மறுமுறை வேறு வகை தாக்கினால் நோய் முற்றுவதற்கான வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். அப்படியானால் 'எனக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது' என்று தைரியம் கூறும் பிள்ளைதான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவன்.

இதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதிகம். இரவில் வலைக்குள் படுத்தால் போதும் என்பது இதற்குப் பொருந்தாது. முழுக்கைச் சட்டை, காலுறை, தோலில் பூசும் டீட் கலந்த களிம்பு ஆகியவை பகலுக்கு உரியவை. அறையில் வாளியிலும் பூச்சாடித் தட்டிலும் நீர் தேங்க விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டுமே எடுக்க வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று ஆஸ்பிரின், புரூபென், டைக்லோபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டால் இரத்தக் கசிவு கூடும். நம் வீட்டு மருந்து டப்பாவில் வலிக்கு என்று இருப்பவை பெரும்பாலும் இவைதாம். பெட்டியில் வைக்கும் முன் பெயரைப் படியுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவரைத் தடுக்கவில்லை. அதைக் குடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதைத் தடுக்கிறோம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிர்ந்து, 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். ஆபத்து வருவதும் அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், தாங்காத சோர்வு, நிலைகொள்ளாமை இவற்றில் ஒன்று கண்டாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அவசர உதவிக்கு 999. மாணவியரிடம் தனியே ஒன்று: நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் காய்ச்சலை மறைப்பார்கள். பிறருக்குத் தொல்லை ஆகுமே என்றும், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். முதல் நாளே பேராசிரியையிடம் கூறிவிடுங்கள். மாதவிலக்கு நாள்களில் காய்ச்சல் வந்தால் அதையும் வெட்கப்படாமல் கூறுங்கள், மருத்துவர் அதை அறிந்தாக வேண்டும். கொசு கடித்த நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால் ஊர் திரும்பிய பிறகும் வரலாம். அப்போது இங்குள்ள மருத்துவரிடம் மலேசியா போய்வந்ததை மறக்காமல் தெரிவியுங்கள்.

பயணத்தில் மூன்று நாள் தாமான் நெகாரா காட்டில் கழிப்பதாக நிரலில் கண்டோம். மழைக்காட்டில் அட்டை கடிக்கும். அதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, அலறாதீர்கள். ஆற்றிலும் அருவியிலும் காலில் புண்ணோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். பத்துமலையில் குரங்குகளுக்குத் தீனி கொடுக்க வேண்டாம். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் பேசப் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே போக வேண்டும். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகை, தனுர்வாதம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. தினமும் மருந்து உண்ணும் பிள்ளைகள் மருத்துவர் சீட்டோடு, மருந்தை அதன் உறையிலேயே வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தை எடுத்துச் செல்லவே வேண்டாம். வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம்: சாத்தே இறைச்சிக்கு ஊற்றும் குழம்பு வேர்க்கடலையில் செய்வது, சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று கல்லூரி கூறியதும் சில பெரியவர்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்களுடைய தயக்கத்தை மதிக்கிறோம். அதே தயக்கத்திற்கு விடை தேடித்தான் மலேசியாவில் 1984இல் தகாஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் அம்முறை அங்கே வேரூன்றியிருக்கிறது. அம்முறையிலான திட்டம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். எதுவாயினும் மருத்துவச் செலவுக்கு வழியின்றிப் பிள்ளையை அனுப்புவது தவக்குலும் ஆகாது. அயல்நாட்டவருக்கு அங்கே அரசு மருத்துவமனையிலும் கட்டணம் அதிகம்.

தொழுகை குறித்துச் சுருக்கமாக. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. ஆனால் அவர்கள் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் காலை ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடியும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே 20 நிமிட அளவே வேறுபாடு. வக்து அட்டவணையை ஒருமுறை பழகிவிட்டால் போதும். ஒரே ஊரில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் முஸாபிர் நிலை நீங்குகிறது; ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள். ஆகவே ஆறு வாரத் தங்கலில் இரு சாராரும் முழுமையாகத் தொழ வேண்டும். பினாங்குக்கு இரண்டு நாள் போய்வரும்போது சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஒன்றாகப் படுக்கும் இருவர் வெவ்வேறு விதமாகத் தொழுதால் அறையில் தர்க்கம் செய்யாதீர்கள். மீதி விவரங்களைப் புறப்படுமுன் எம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அங்குள்ள சட்டத்தில் நம் பிள்ளைகள் அறியாத ஒரு பகுதி உண்டு. மார்க்க விவகாரம் ஒவ்வொரு மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. மாநில மார்க்கத் துறையின் தவ்லியா என்னும் அனுமதி பெறாமல் பள்ளிவாசலிலோ சூராவிலோ மார்க்கம் போதிப்பது குற்றம். நம் பையன்கள் நால்வர் கூடினால் ஒருவர் பயான் தொடங்கிவிடுவார். அந்த ஆர்வத்தை ஊர் திரும்பும் வரை அடக்கி வையுங்கள். போய்க் கேளுங்கள், பேசாதீர்கள். மணமாகாத ஆணும் பெண்ணும் தனித்திருப்பதும் அங்கே முஸ்லிம்களுக்குத் தண்டனைக்குரியது. இனம், மதம், மன்னர் குடும்பம் ஆகிய மூன்றைப் பற்றியும் கைப்பேசியில் கருத்து எழுத வேண்டாம். அதற்கும் சட்டம் இருக்கிறது. சுட்டுவிரலால் ஆளைக் காட்டுவது அங்கே மரியாதைக் குறைவு; கட்டைவிரலை மடித்த கையின் மேல் வைத்துக் காட்டுவார்கள்.

இனி, கற்க வேண்டியதைப் பற்றி. இதைத்தான் முதலில் பேச விரும்பினோம். பெட்டி குறுக்கே வந்துவிட்டது. ஆறு வாரமும் தமிழ் பேசும் கடைகளிலேயே சாப்பிட்டு, தமிழ் பேசும் பிள்ளைகளோடேயே சுற்றிவிட்டு வந்தால் போனதில் பாதி வீண். மலாய்மொழி கற்பது நமக்குக் கடினமன்று. கடைக்கு அவர்கள் கெடாய் என்கிறார்கள்; கப்பலுக்குக் கப்பால்; கட்டிலுக்குக் காத்தில்; முதலுக்கு, அதாவது வியாபாரத்தில் போடும் முதலுக்கு, மோடால். நேரத்திற்கு வக்து என்றே கூறுகிறார்கள், நூலுக்குக் கித்தாப். புறப்படுமுன் ஐம்பது சொல் எழுதி மனனம் செய்யுங்கள்.

இன்னொன்று நம் உள்ளத்திற்கு நெருக்கமானது. மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு ஜாவி என்று பெயர். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகள் அமைத்தார்கள். நம் முன்னோர் தமிழுக்கு அதே காரியத்தைச் செய்து அர்வி என்றார்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் நாமும் அர்விக் கிதாபுகளை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறோம். இன்று இந்த மஹல்லாவில் அதைப் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். திரங்கானுவில் கண்டெடுக்கப்பட்ட ஜாவிக் கல்வெட்டு 1303ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிழக்குக் கரை மாநிலங்களில் தெருப் பலகைகளில் ஜாவியை இன்றும் காணலாம். அவர்கள் எப்படிக் காத்தார்கள், நாம் எப்படி இழந்தோம் என்று கேட்டறிந்து எழுதி வருபவருக்கு அடுத்த ஆண்டு மலரில் இடம் ஒதுக்கப்படும்.

1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்வின் பெயரை அங்கே அடிக்கடி கேட்பீர்கள். மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படுபவர். அவருடைய முன்னோரில் ஒருவர் எமனிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்தவர். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குவழக்குக்காகத் தமிழ் படிப்பது அன்றைய வழக்கம். அப்துல்லாஹ்வும் தந்தையின் விருப்பப்படி தமிழ் பயின்றார். பிறர் மொழியைக் கற்று அவர்களுக்கே ஆசிரியரானவர் அவர்.

ஆனால் பள்ளிவாசலையும் நாசி கண்டார் கடையையும் மட்டும் பார்த்துவிட்டு, 'நம் ஆள்களின் பெருமை' என்று திரும்பிவிட வேண்டாம். 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தன. பின்னர் எழுந்த ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற மக்கள் ஏராளம். நம்மவர் கடைக்குப் போனார்கள். அவர்கள் காட்டை அழித்து மரம் நட்டுப் பால் எடுத்தார்கள். இரண்டு கூட்டமும் பேசியது தமிழ்தான். வாழ்ந்த வாழ்வு வேறு. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பழைய தோட்டத்துக் குடும்பத்தைச் சந்தித்துப் பேசுங்கள். அங்குள்ள சிலருக்குக் 'கெலிங்' என்னும் சொல் இழிசொல்லாகப் புண்படுத்துகிறது; பள்ளிவாசலின் பெயரில் இருக்கிறதே என்று அதை விளையாட்டாகப் பேச்சில் பயன்படுத்திவிடாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும் நாளுக்கு ஐந்து முறை அழைக்காதீர்கள். இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி அரைமணி. வாரத்திற்கு இரண்டு நாள், நேரம் குறித்துப் பேசுங்கள். ஒரு வேளை அழைப்பை எடுக்கவில்லை என்றால் உடனே தெருவையெல்லாம் எழுப்ப வேண்டாம். பொறுப்பாசிரியரின் எண் உங்கள் கையில் இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், வரும் வியாழன் அஸருக்குப் பின் மருத்துவர் ஒருவர் பள்ளிவாசல் மாடிக்கு வந்து தடுப்பூசிச் சீட்டுகளைப் பார்வையிடுவார். பதினொரு பேரும் கடவுச்சீட்டின் இரண்டு நகல்களைக் கொண்டுவர வேண்டும். ஒன்று வீட்டில் இருக்க, மற்றொன்று ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் மஃரிபுக்குப் பின், ஒவ்வொருவரும் தம் பெட்டியைத் தம் கையாலேயே கட்டி, உள்ளே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை எம்மிடம் தர வேண்டும். உம்மா எழுதிய தாள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.

வஸ்ஸலாமு அலைக்கும்.